‘வேண்டாம்’ என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவருக்கு

கேட்கப்பட்டது இது: “ரட்சிக்கப்பட்டு ஏழு வருஷம் ஆகிறது. கைப்பேசியில் பார்க்கக் கூடாததைப் பார்க்கும் பழக்கம் மட்டும் விடவில்லை. உபவாசம் இருந்தேன், பொருத்தனை செய்தேன், ஆப்புகளை அழித்தேன். இரண்டு வாரம் நிற்கிறேன், பிறகு விழுகிறேன். கேட்டால் ‘தேவனில் திருப்தியாயிருங்கள், பாவம் தானாக விலகும்’ என்கிறார்கள். ஜெபத்தில் உட்கார்ந்தால் எனக்குத் தூக்கம்தான் வருகிறது. அந்தத் திருப்தி என்றால் என்ன? அது எனக்கு மட்டும் ஏன் வரவில்லை?”

தம்பி, ‘தூக்கம்தான் வருகிறது’ என்று எழுதினீர்களே, அந்த வரிக்காகவே பதில் எழுத உட்கார்ந்தேன். சாட்சி நேரத்தில் நாம் எல்லோரும் ஜெயித்த கதையை மட்டும்தான் சொல்கிறோம். ஜெபத்தில் தூங்கிவிழுந்த கதையைச் சொல்ல யாரும் எழுந்து நிற்பதில்லை. அதனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தன்னிடம் மட்டும்தான் ஏதோ கோளாறு என்று தோன்றிவிடுகிறது.

உங்களுக்குச் சொன்ன ஆலோசனையின் முன்பாதி சரி. ‘தானாக விலகும்’ என்ற பின்பாதியை நான் ஏற்கமாட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் நீங்கள் செய்தவற்றைப் பாருங்கள். சாப்பாட்டை நிறுத்தினீர்கள், ஆப்பை அழித்தீர்கள், இனிமேல் செய்யமாட்டேன் என்று பொருத்தனை செய்தீர்கள். எல்லாமே எடுத்துப் போடுகிற வேலை. மத்தேயு 12-இல் இயேசு ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறார். அசுத்த ஆவி வெளியே போய்விட்டது; வீடு பெருக்கி ஜோடிக்கப்பட்டு இருக்கிறது; ஆனால் வெறுமையாக இருக்கிறது. போன ஆவி திரும்பி வந்து பார்த்து, தன்னைவிடப் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு குடியேறிவிடுகிறது. வீட்டில் குப்பை இருந்தது என்று இயேசு குறை சொல்லவில்லை. உள்ளே ஆள் இல்லை. உங்கள் இரண்டு வாரக் கணக்கைப் படித்ததும் எனக்கு அந்த வீடுதான் ஞாபகம் வந்தது.

19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் பிரசங்கித்த தாமஸ் சால்மர்ஸ், ‘உலகத்திலும் உலகத்திலுள்ளவைகளிலும் அன்புகூராதிருங்கள்’ என்ற வசனத்தை எடுத்து இதைத்தான் வாதாடினார். ஒருவன் ஆசைப்படுகிற பொருள் மட்டமானது என்று எத்தனை தடவை நிரூபித்தாலும் அவன் மனது அதை விடாது. காலியாக இருக்க மனதுக்குத் தெரியாது. அதைவிட நல்லது ஒன்று உள்ளே வந்தால்தான் பழையது இடம் விடும். நமக்கு இது அந்நியமான யோசனை இல்லை. ‘பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றைப் பற்றுக பற்று விடற்கு’ என்றுதானே வள்ளுவர் துறவு அதிகாரத்தை முடிக்கிறார்? பற்றை விடுவதற்கும் ஒரு பற்று வேண்டும். இதை வைத்து அவரைக் கிறிஸ்தவராக்கும் விளையாட்டில் எனக்கு விருப்பமில்லை. அவர் நிற்கிற இடம் வேறு. மனித மனது எப்படி வேலை செய்கிறது என்பதை அவர் கண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

சரி, சோதனை எங்கே தொடங்குகிறது? பழத்தில் என்று நினைக்கிறோம். ஆதியாகமத்தை நிதானமாக வாசித்தால், சர்ப்பம் பழத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே தேவனைப் பற்றிப் பேசுகிறது. தோட்டத்திலுள்ள சகல மரத்தின் கனியையும் தின்னலாம், ஒன்றைத் தவிர என்பதுதான் ஆண்டவர் சொன்னது. சர்ப்பம் அதைத் திருப்பிப்போட்டுக் கேட்கிறது: ‘சகல விருட்சங்களின் கனியையும் புசிக்கவேண்டாம் என்று தேவன் சொன்னது உண்டோ?’ கொடுத்துக்கொண்டே இருந்த தேவன் அந்த ஒரு கேள்வியில் கஞ்சனாகிவிட்டார். நல்லதை ஒளித்துவைத்திருக்கிறார் என்ற சந்தேகம் உள்ளே நுழைந்துவிட்டது. அதற்கப்புறம்தான் அந்த மரம் ஏவாளுக்குப் ‘பார்வைக்கு இன்பமும்’ ஆனது.

இரவு 11 மணிக்கு உங்கள் கையில் கைப்பேசி இருக்கும்போதும் நடப்பது இதுதான். ‘இன்று முழுக்க உழைத்தாய். உனக்கு என்ன கிடைத்தது? ஆண்டவர் உனக்கு என்ன கொடுத்தார்?’ இந்தப் பேச்சு முதலில் வருகிறது. திரை அதற்குப் பிறகுதான் வருகிறது. திரையோடு மட்டும் சண்டை போடுகிறவர் பாதி வழியில் வந்து சேர்ந்தவர்.

இயேசுவின் வனாந்தரச் சோதனையிலும் இதைக் கவனித்திருக்கிறீர்களா? அதற்குச் சற்று முன்னால் யோர்தான் ஆற்றில் அவர் ஞானஸ்நானம் எடுத்தபோது ‘இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்’ என்ற சத்தம் கேட்டது. நாற்பது நாள் பசிக்குப் பிறகு சோதனைக்காரன் வந்து, ‘நீர் தேவனுடைய குமாரனேயானால்’ என்று தொடங்குகிறான். ‘குமாரன்’ இருக்கிறது. ‘நேச’ காணோம். இயேசு அப்பத்தைக் கெட்டது என்று சொல்லவில்லை. பசி இல்லை என்றும் சொல்லவில்லை. ‘மனுஷன் அப்பத்தினாலே மாத்திரமல்ல’ என்கிறார். வயிறு காலியாக இருந்த நேரத்திலும் அவரிடம் வேறொரு சாப்பாடு இருந்தது.

இனி ஆதிச் சபையின் பெரிய போதகர்களில் ஒருவரான அகஸ்டினைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்லப் போகிறேன். வேதாகமக் கல்லூரியில் சபை வரலாறு நடத்திய காலத்தில் மாணவர்கள் விழித்திருந்து கேட்ட ஒரே பாடம் அவருடையதுதான்.

இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தகாஸ்தே என்ற சிற்றூரில் 354-இல் பிறந்தவர். தன் வாழ்க்கையை முழுக்க ஜெபமாகவே எழுதிவைத்திருக்கிறார். அதில் 16 வயதில் செய்த ஒரு திருட்டு வருகிறது. நண்பர்களோடு ராத்திரியில் போய்ப் பக்கத்துப் பேரிக்காய் மரத்தை உலுக்கி அள்ளிக்கொண்டு வந்தார்கள். பசி இல்லை, அதைவிட நல்ல பேரிக்காய் அவரிடமே இருந்தது. பறித்ததில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்குப் போட்டார்கள். இந்தச் சின்ன விஷயத்துக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறாரே என்று எனக்கு முதலில் எரிச்சல் வந்தது. ஆனால் அவர் விடாமல் ஒரு கேள்வியைத் துருவுகிறார்: அந்தத் திருட்டில் நான் எதை நேசித்தேன்? தனியாக இருந்திருந்தால் செய்திருக்கவே மாட்டேன் என்பது கடைசியில் அவருக்கே தெரிகிறது. அவர் தேடியது பேரிக்காய் இல்லை, கூட்டாளிகளோடு சேர்ந்து இருப்பது. அதே இடத்தில், ஒவ்வொரு பாவமும் தேவனிடம் உள்ள ஒரு நல்லதைப்போல வேஷம் போடுகிறது என்கிறார். சோம்பல் இளைப்பாறுதலைப்போல நடிக்கிறது. ஆடம்பரம் தன்னை நிறைவு என்று கூப்பிடச் சொல்கிறது.

இதை உங்கள் விஷயத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்த தடவை அந்த இழுப்பு வரும்போது, ‘எனக்கு இப்போது உண்மையிலேயே என்ன வேண்டும்?’ என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். என்னிடம் பேச வந்த பையன்களில் பலருக்குப் பதில் உடம்பு ஆசையாக இருக்கவில்லை. ஒருவனுக்கு வேலையிடத்தில் பட்ட அவமானம். ஒருவனுக்கு வெளியூரில் தனியறை. ஒருவனுக்கு வெறும் களைப்பு. களைத்தவனுக்கு எட்டு மணி நேரத் தூக்கமும் ஆண்டவர் கொடுக்கிற ஈவுதான்.

அகஸ்டினுக்குத் திரும்புவோம். கார்த்தேஜில் படித்த நாளிலிருந்து ஒரு பெண்ணோடு மணமாகாமல் வாழ்ந்தார், மகனும் பிறந்தான். அவள் பெயரை அவர் எங்கும் எழுதவில்லை. மிலானில் பேச்சுக்கலை ஆசிரியராக உயர்ந்ததும் நல்ல இடத்தில் பெண் பார்த்து நிச்சயித்தார்கள். பழையவளை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். நிச்சயித்த பெண்ணுக்குக் கல்யாண வயது வர இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு வருஷம் பொறுக்க முடியாமல் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டார். இத்தனைக்கும் அந்த நாட்களில் அம்புரோஸ் பேராயரின் பிரசங்கங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். உபதேசத்தில் அவருக்குச் சந்தேகம் கிட்டத்தட்டத் தீர்ந்திருந்தது. வாலிபத்தில் ‘எனக்குக் கற்பைத் தாரும், ஆனால் இப்போதே வேண்டாம்’ என்று ஜெபித்ததை அவரே ஒத்துக்கொள்கிறார். அந்த ஜெபத்தை நாம் எல்லோரும் வேறு வார்த்தைகளில் செய்திருக்கிறோம்.

386-இல் மிலானில் ஒரு வீட்டுத் தோட்டம். நண்பர் அலிப்பியுஸ் பக்கத்தில் இருக்கிறார். அகஸ்டின் அழுதுகொண்டிருக்கிறார். பழைய ஆசைகள் உடுப்பைப் பிடித்து இழுத்து, ‘எங்களை அனுப்பிவிடுகிறாயா? இனி ஒருக்காலும் நாங்கள் உன்னோடு இருக்கமாட்டோமே’ என்று பின்னாலிருந்து முணுமுணுத்ததாக எழுதுகிறார். எதிரில் நின்று சண்டை போடவில்லை, பின்னாலிருந்து முணுமுணுத்தன. அனுபவித்தவன்தான் இப்படி எழுத முடியும். அப்போது பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குழந்தையின் குரல், ‘எடுத்துப் படி, எடுத்துப் படி’ என்று கேட்கிறது. பவுலின் நிருபத்தைத் திறந்தால் ரோமர் 13: ‘துர்இச்சைகளுக்கு இடமாக உடலைப் பேணாமலிருந்து, கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவைத் தரித்துக்கொள்ளுங்கள்.’ வசனத்திலேயே இரண்டு பக்கமும் இருக்கிறது பாருங்கள். ஒன்றுக்கு இடம் கொடுக்காதே, இன்னொன்றை உடுத்திக்கொள்.

அதற்குப் பிறகு அவர் எழுதியதுதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். எதை இழந்துவிடுவேனோ என்று பயந்தேனோ, அதை விடுவதே எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. நீர் அவற்றைத் துரத்திவிட்டு, எல்லா இன்பத்தையும்விட இனிமையானவராய் அவற்றின் இடத்தில் வந்து நுழைந்தீர் என்று ஆண்டவரைப் பார்த்துச் சொல்கிறார். துரத்தினதும் அவர்தான், நுழைந்ததும் அவர்தான். வீடு காலியாகக் கிடக்கவே இல்லை.

பிரசங்கங்களில் கதை பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். புத்தகம் இங்கே முடியவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் கழித்து, வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்துப் பேராயராக இருந்துகொண்டு, இன்னும் தன்னை இழுப்பவை எவை என்று அவரே கணக்கெடுக்கிறார். ராத்திரிக் கனவில் பழைய காட்சிகள் வருகின்றன. மருந்துபோலச் சாப்பிட வேண்டும் என்று உட்கார்ந்தால் ருசி கூடவே வந்துவிடுகிறது. ஆலயத்தில் பாட்டின் பொருளைவிட ராகம் இழுக்கிறது. வீட்டில் பல்லி ஈயைப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடுகிறாராம். மனுஷர் புகழ்ந்தால் பிடித்திருக்கிறது. (எனக்கும் கடைசியாகச் சொன்னதுதான். பிரசங்கம் முடிந்து ஆலய வாசலில் நிற்கும்போது, ‘இன்றைக்கு நல்லாயிருந்தது ஐயா’ என்று யாராவது சொல்கிறார்களா என்று காது நீளும். யாரும் சொல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சோறு சரியாக இறங்காது. கைப்பேசி ஆசையைவிட இது கௌரவமானது என்று நான் நினைக்கவில்லை.)

‘தானாக விலகும்’ என்பதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். அகஸ்டினுக்கே தானாக விலகவில்லை. பெரிய இனிமை உள்ளே வந்ததால் போராட அவருக்குக் காரணமும் தெம்பும் கிடைத்தன. போராட்டம் அப்படியே இருந்தது.

அடுத்து, ‘எனக்கு ஏன் வரவில்லை?’ என்ற கேள்வி. நீங்கள் எதிர்பார்ப்பது திருப்தியையா, பரவசத்தையா என்று எனக்கு ஒரு சந்தேகம். மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டத்தில் விளக்கு, இசை, ஆயிரக்கணக்கான குரல்கள், கண்ணீர் வருகிறது. அது பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதையே தேவனில் திருப்தி என்று மனதில் பதித்துக்கொண்டால், திங்கட்கிழமை காலையில் நாலு சுவருக்குள் பாய் விரித்து உட்காரும்போது ஒன்றும் இல்லாததுபோலத்தான் இருக்கும். கைப்பேசி மூன்று வினாடியில் கிளர்ச்சியைக் கொடுக்கும். ஜெபம் அந்தப் பந்தயத்தில் ஓடினால் தோற்கும். அது ஓடுகிற பந்தயமே வேறு. சாப்பாட்டைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் செவ்வாய்க்கிழமை என்ன சாப்பிட்டீர்கள் என்று நினைவிருக்கிறதா? ஆனால் அதில்தான் நடமாடிக்கொண்டிருக்கிறீர்கள்.

எகிப்தை விட்டு வந்த இஸ்ரவேல் ஜனங்களுக்கு வனாந்தரத்தில் சாப்பாடாக மன்னாவை ஆண்டவர் அன்றன்றைக்குத்தான் கொடுத்தார். மறுநாளைக்கு எடுத்துவைத்தது புழுத்து நாறியது. போன வருஷக் கன்வென்ஷன் மன்னாவை இந்த வருஷம் ஜூலையில் சாப்பிட முடியாது. இன்னொன்றும் கவனியுங்கள்: அதே ஜனங்கள் எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுதபோது, அங்கே அடிமைகளாய்ப் பாடுபட்ட செங்கல் சூளை ஞாபகத்துக்கு வரவில்லை. சோதனை நேரத்தில் ஞாபகம் இப்படித்தான் பொய் சொல்லும். விழுந்த பிறகு வருகிற வெறுமையை அது காட்டாது. போன தடவை பார்த்து முடித்த பிறகு, அந்த 15-ஆவது நிமிடத்தில் எப்படி இருந்தது என்று ஒரு தாளில் நேர்மையாக எழுதிவையுங்கள். அதுதான் உங்கள் செங்கல் சூளை.

63-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நிணத்தையும் கொழுப்பையும் உண்டதுபோல என் ஆத்துமா திருப்தியாகும்’ என்ற வரி அதில்தான் இருக்கிறது. ஆனால் தாவீது அதை யூதா வனாந்தரத்தில் இருந்தபோது பாடினதாகத் தலைப்பு சொல்கிறது. பாட்டு வறண்ட நிலத்தில், தாகத்தில்தான் தொடங்குகிறது. அடுத்த வசனம் அவன் எங்கே படுத்திருக்கிறான் என்பதையும் சொல்லிவிடுகிறது: ‘என் படுக்கையின்மேல் நான் உம்மை நினைக்கும்போது, இராச்சாமங்களில் உம்மைத் தியானிக்கிறேன்.’ படுக்கை, ராத்திரி, விழித்திருக்கிற ஒரு மனுஷன். நீங்கள் விழுகிற அதே இடம், அதே நேரம்.

ஆகவே தூக்கம் வருகிற ஜெபத்தை மாற்றிப்பாருங்கள். ஒரு மணி நேரம் என்று தீர்மானம் எல்லாம் வேண்டாம். காலையில், முகம் கழுவிவிட்டு, கைப்பேசியைத் தொடுவதற்கு முன் ஒரே ஒரு சங்கீதம், வாய்விட்டு, மெதுவாக. உட்கார்ந்தால் தூக்கம் வருமென்றால் நடந்துகொண்டே படியுங்கள். ஒரு வரி பிடித்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். மிச்சத்தை முடிக்கவேண்டும் என்று சட்டம் இல்லை. ‘காலையிலே எங்களை உமது கிருபையால் திருப்தியாக்கும்’ என்று மோசேயின் ஜெபம் ஒன்று 90-ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. திருப்தி நம்மிடம் ஏற்கெனவே இருந்தால் அதைக் கேட்கவேண்டிய அவசியமே இல்லையே. இல்லாதவன் கேட்கிற ஜெபம் அது. ‘எனக்கு உம்மேல் ஆசையே இல்லை, ஆசையைத் தாரும்’ என்பதைவிட நேர்மையான ஜெபம் எனக்குத் தெரியாது.

அப்புறம், தேவனில் திருப்தி என்பது அறைக்குள் மட்டும் கிடைப்பது இல்லை. சமாரியாவில் கிணற்றடியில் சீஷர்கள் சாப்பிடச் சொன்னபோது, தம்மை அனுப்பினவருடைய சித்தத்தின்படி செய்வதே ‘என்னுடைய போஜனமாயிருக்கிறது’ என்கிறார் இயேசு. களைத்து உட்கார்ந்தவர், ஒரு சமாரியப் பெண்ணிடம் பேசியதிலேயே பசியாறியிருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம்தான் உங்களுக்குக் கஷ்டமான நேரம் என்றால், அந்த நேரத்தில் சபையில் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு தாத்தாவைப் போய்ப் பார்த்து, அவர் சொல்கிற பழங்கதையைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

ஓடவேண்டிய இடத்தில் ஓடுவதும் இதற்குள்தான் வருகிறது. யோசேப்பு, தன்னைப் பாவத்துக்கு அழைத்த எஜமான் போத்திபாரின் மனைவியிடம் முதலில் கணக்குச் சொல்கிறான்: எஜமான் தன் கையில் எல்லாவற்றையும் ஒப்படைத்திருக்கிறார், அவளைத் தவிர எதையும் விலக்கிவைக்கவில்லை என்று. ஏதேனில் ஏவாள் மறந்த கணக்கு அது. அதற்குப் பிறகுதான் ‘தேவனுக்கு விரோதமாய்ப் பாவம் செய்வது எப்படி’ என்கிறான். அப்படிச் சொன்னவனும், அவள் வஸ்திரத்தைப் பிடித்தபோது நின்று வசனம் பேசவில்லை. வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். எனவே கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுங்கள். அலாரத்துக்கு ஒரு சின்னக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம், முடிந்தால் உங்களைவிட மூத்த ஒருவரிடம், விஷயத்தை அப்படியே சொல்லிவிடுங்கள். வேலை, தூக்கம், உறவு எல்லாவற்றையும் கெடுக்கிற அளவுக்குப் போயிருந்தால் மனநல ஆலோசகரைப் பார்ப்பதில் விசுவாசக்குறைவு ஒன்றும் இல்லை.

மறுபடி விழுந்தால்? விழுந்த இரவில் நம்மில் பலர் ஆண்டவரிடம் போகாமல் இரண்டு நாள் ஒதுங்கியிருப்போம், கொஞ்சம் நல்லவனான பிறகு போகலாம் என்று. அந்த இரண்டு நாளில்தான் வீடு மறுபடி காலியாகிறது. அடுத்தவன் மனைவியான பத்சேபாளோடு பாவம் செய்த பிறகு தாவீது கேட்டதைப் பாருங்கள். தன்னைக் கழுவச் சொல்கிறான், சுத்த இருதயத்தைக் கேட்கிறான், அதோடு ‘உமது இரட்சணியத்தின் சந்தோஷத்தைத் திரும்பவும் எனக்குத் தாரும்’ என்கிறான். இத்தனை பெரிய பாவம் செய்தவன் சந்தோஷத்தைக் கேட்பதா என்று நமக்குக் கூச்சமாக இருக்கும். அவன் கூச்சப்படவில்லை. அதை இழந்த இடத்தில்தான் மற்றதெல்லாம் நடந்தது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அகஸ்டின் 430-இல், 75 வயதில், ஹிப்போவை வாண்டல் என்ற இனத்தாரின் படைகள் முற்றுகையிட்டிருந்தபோது காய்ச்சலில் படுத்தார். மனந்திரும்புதலைப் பற்றிய தாவீதின் சங்கீதங்களை எழுதித் தன் படுக்கைக்கு எதிரே சுவரில் மாட்டச் சொன்னார் என்று கூட இருந்த பொசிதியுஸ் எழுதுகிறார். வைத்தியர் வரும் நேரமும் சாப்பாடு வரும் நேரமும் தவிர யாரும் உள்ளே வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மிலான் தோட்டத்துக்கு 44 வருஷம் கழித்து, கடைசிப் பத்து நாட்களும் அந்தச் சுவரைப் பார்த்து வாசித்து, அழுது, ஜெபித்துக்கொண்டே இருந்தார்.